நடைவண்டியும் நடைச்சட்டகமும்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, திருவேட்டக்குடி

ஆகஸ்டு மாதம் முடியும் தறுவாயில், காவி உடுத்திய பக்தர்கள் தரங்கம்பாடி, காரைக்கால் வழியாக வேளாங்கண்ணிக்குக் கூட்டம் கூட்டமாக நடந்து போவதைத் தோழியர் அனைவரும் கண்டிருப்பீர்கள். சென்ற ஆண்டு நாங்கள் சாலையோரம் நின்று அவர்களுக்கு மோர் கொடுத்தோம். என் அப்பாயியையும் நாற்காலியில் அமர்த்தி அழைத்துச் சென்றிருந்தோம். அப்பாயி யார் முகத்தையும் பார்க்கவில்லை. போகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் பக்கவாதம் வந்து அவர்களுடைய இடது கையும் காலும் விழுந்துவிட்டிருந்தன.

வேளாங்கண்ணி வரலாற்றில் மோர் விற்ற சிறுவன் ஒருவன் வருகிறான் அல்லவா? நடக்க இயலாத அவனிடம், நாகப்பட்டினத்துக்குப் போய்ச் செய்தி சொல் என்று அன்னை பணித்தாராம். அவன் எழுந்து ஓடினானாம். அவனுக்கு ஒரு நொடியில் கிடைத்ததை மற்றவர்கள் அடி அடியாகத்தான் பெற வேண்டியிருக்கிறது.

அப்பாயிக்கு நடைப்பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபி அக்கா முதல் நாளே என்னைக் கண்டித்தார். நான் அப்பாயியின் அக்குளில் கை கொடுத்து, இறுக்கிப் பிடித்து, ஏறக்குறையத் தூக்கிக்கொண்டே போனேன். "பாப்பா, இப்ப நடக்கிறது நீயா, பாட்டியா?" என்று கேட்டார். எனக்கு வருத்தமாகிவிட்டது. விழுந்துவிட்டால் என்ன செய்வது என்றுதானே பிடிக்கிறேன்! "காலில் மாட்டிக்கொண்டு நடக்கிற மிஷின் இருக்கிறதாமே, அதை வாங்கி மாட்டிவிட்டால் என்ன?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அந்த மிஷினுக்கும் உன் வியாதிதான் பாப்பா. எவ்வளவு பிடிக்கணும், எப்ப விடணும்னு அதுக்கும் சுலபமாத் தெரியாது" என்றார். அந்தப் பதில் விளங்குவதற்காக நான் தேடிப் படித்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

நம் கடற்கரையில் நண்டு பிடித்து விளையாடாத பிள்ளைகள் உண்டோ? நமக்கு எலும்புகள் உள்ளே இருக்கின்றன. நண்டுக்கும் இறாலுக்கும் ஓடு வெளியே இருந்து உடலைத் தாங்குகிறது. இதை ஆங்கிலத்தில் எக்ஸோஸ்கெலிட்டன் என்றும் தமிழில் புறச்சட்டகம் என்றும் சொல்வார்கள். நடப்பதற்கென்று மனிதன் செய்து மாட்டிக்கொள்ளும் புறச்சட்டகத்தை இக்கட்டுரையில் 'நடைச்சட்டகம்' என்று அழைக்கிறேன். இடுப்பில் ஒரு பட்டை, தொடையையும் கெண்டைக்காலையும் ஒட்டி வரும் உலோகத் தண்டுகள், இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் பக்கத்தில் மோட்டார்கள், முதுகில் பேட்டரியும் ஒரு சிறிய கம்ப்யூட்டரும் என்று இதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

இந்த எண்ணம் இன்று நேற்று வந்ததன்று. ரஷ்யாவைச் சேர்ந்த நிக்கோலஸ் யாகன் என்பவர் நடக்கவும் ஓடவும் குதிக்கவும் உதவும் ஒரு கருவிக்கு 1890இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1960களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 'ஹார்டிமேன்' என்னும் இரும்பு உடையைச் செய்தது. மனிதனின் பலத்தை 25 மடங்கு ஆக்குவது அதன் நோக்கம். அதன் எடை மட்டும் சுமார் 680 கிலோ! ஆனால் முழு உடையையும் சேர்த்து இயக்கியபோதெல்லாம் அது கட்டுக்கடங்காமல் உதறியது. உள்ளே ஆளை வைத்து அதை முழுமையாக இயக்கவே முடியவில்லை. பலம் நிறைய இருந்தது. அதை அளந்து கொடுக்கத்தான் அதற்குத் தெரியவில்லை.

அளப்பது ஏன் இவ்வளவு கடினம்? நாம் நடப்பதை ஒருமுறை மெதுவாகக் கவனித்துப் பாருங்கள். ஒரு கால் தரையில் பட்டதிலிருந்து அதே கால் மறுபடி தரையில் படுவதற்கு ஏறக்குறைய ஒரு விநாடி ஆகிறது. அதில் பத்தில் ஆறு பங்கு நேரம் அந்தக் கால் தரையில் நின்று உடலைச் சுமக்கிறது. நான்கு பங்கு நேரம் காற்றில் முன்னே வீசப்படுகிறது. வீசும்போது முழங்கால் சுமார் 60 பாகை மடங்குகிறது. அப்போது கால் பெருவிரல் தரைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் போகும் என்று நினைக்கிறீர்கள்? ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர்தான்! வாசற்படியில் நாம் தடுக்கி விழுவது இதனால்தான். பக்கவாதம் வந்தவர்களுக்கு முழங்கால் போதிய அளவு மடங்காது, பாதமும் தொங்கிப்போகும். அதனால் காலை அரை வட்டமாக வெளியே வீசி இழுத்து இழுத்து நடக்கிறார்கள். ஆக, உதவி தேவைப்படுவது ஒரு விநாடியில் ஒரு சிறு பகுதியில்தான். அந்த நொடியில் மடக்கிவிட வேண்டும். அடுத்த நொடியில் அதே முழங்கால் மடங்கிவிடாமல் தாங்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் உதவி உபத்திரவமாகிவிடும்.

இனி, நடைச்சட்டகம் யாருக்காக என்பதைப் பொறுத்து உதவியின் அளவு அடியோடு மாறுகிறது. தண்டுவடம் முற்றிலும் அறுபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லாதவர்களுக்கு இயந்திரமே முழு வேலையையும் செய்தாக வேண்டும். இஸ்ரேல் நாட்டின் அமித் கோஃபர் என்னும் பொறியாளர் 1997இல் ஒரு விபத்தில் கைகால்கள் செயலிழந்தார். பிறகு அவர் உருவாக்கியதே 'ரீவாக்' என்னும் நடைச்சட்டகம். ஊன்றுகோல்களைப் பிடித்துக்கொண்டு உடலைச் சற்று முன்னே சாய்த்தால், அந்தச் சாய்வை உணர்ந்து அது ஓர் அடி எடுத்து வைக்கிறது. வீட்டில் வைத்துப் பயன்படுத்த 2014இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி அளித்தது. ஆனால் ஊன்றுகோலைப் பிடிக்கும் வலிமை கைகளில் இல்லாததால், அதைக் கண்டுபிடித்தவரே அதை அணிந்து நடக்க முடியவில்லை. இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

அப்பாயியைப் போன்றவர்களின் நிலை வேறு. அவர்களுடைய காலில் கோளாறில்லை. மூளையிலிருந்து வரும் கட்டளைதான் தேய்ந்துபோயிருக்கிறது. மூளையின் மற்றப் பகுதிகள் அந்த வேலையைச் சிறிது சிறிதாகக் கற்றுக்கொள்ளக் கூடும். ஆனால் கற்க வேண்டுமானால் முயன்று, தவறி, திருத்திக்கொள்ள வேண்டும். கணக்குப் பாடத்தில் அண்ணன் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதினால் நோட்டுப் புத்தகத்தில் எல்லாம் சரியாக இருக்கும். தேர்வில் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

இதை அறிவியலார் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2006இல் கலிஃபோர்னியாவில் தண்டுவடம் அறுபட்ட சுண்டெலிகளுக்குச் சிறு இயந்திரக் கைகளால் நடை பயிற்றினார்கள். சிலவற்றின் கால்களை இயந்திரம் ஒரே பாதையில் அப்படியே பிடித்து நடத்தியது. மற்றவற்றின் கால்களை ஓரளவு தம்போக்கில் விட்டு, வழி தவறும்போது மட்டும் திருத்தியது. விட்டுப் பிடித்த எலிகளே பின்னர் அதிகமான, சீரான அடிகளை எடுத்து வைத்தன. 2008இல் சிகாகோ நகரில் பக்கவாதத்துக்குப் பின் மெதுவாக நடந்துகொண்டிருந்த 48 பேரை இரு பிரிவாக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவினரின் கால்களை இயந்திரம் நடத்தியது. மற்றப் பிரிவினருக்குப் பிசியோதெரபி நிபுணர்கள் தேவையான இடத்தில் மட்டும் கைகொடுத்தார்கள். நடையின் வேகம் அதிகம் கூடியது மனிதர் கைகொடுத்த பிரிவினருக்குத்தான். இதைப் படித்ததும் நான் பிசியோதெரபி அக்காவிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

காரணம் என்னவென்றால், நம் உடல் மிகவும் சிக்கனமானது. ஒரு வேலையைப் பிறர் செய்துவிடுகிறார் என்று தெரிந்தால், நாம் அறியாமலே நம் தசைகள் தம் முயற்சியைக் குறைத்துக்கொள்கின்றன. இதில் சோம்பேறித்தனம் என்று யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை. நடக்கும்போது சக்தியை மிச்சம் பிடிப்பது நம் உடலின் இயல்பு. அதே இயல்பு நோயாளிக்கு எதிரியாகிவிடுகிறது.

இங்கே நம் வீடுகளில் இருந்த நடைவண்டியை எண்ணிப் பாருங்கள். திருவிழாக் கடைகளில் இன்றும் விற்கிறார்கள். மூன்று மரச் சக்கரங்கள், பிடித்துக்கொள்ள ஒரு கட்டை, அவ்வளவுதான். அது குழந்தையைத் தள்ளுவதில்லை. குழந்தைதான் அதைத் தள்ளுகிறது. விழாமல் நிற்க மட்டும் அது துணை செய்கிறது, அடியெடுத்து வைக்கும் வேலை முழுவதும் குழந்தையினுடையது. நம் முன்னோர் செய்த அந்த வண்டிக்கு மோட்டாரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. ஆயினும் இன்றைய பொறியாளர்கள் 'தேவைக்கேற்ற உதவி' என்று எதைத் தேடுகிறார்களோ அதில் பாதி அதனிடம் இருக்கிறது! மீதிப் பாதி, ஆளைப் பார்த்து உதவியைக் கூட்டிக் குறைப்பது.

அதை எப்படிச் செய்கிறார்கள்? முதலில், கால் போக வேண்டிய பாதையை ஒரு கோடாகப் போடாமல் வாய்க்காலாக வெட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாய்க்காலுக்குள் தண்ணீர் எப்படி வேண்டுமானாலும் நெளிந்து ஓடலாம். கரையில் மோதும்போதுதான் கரை அதைத் தடுக்கிறது. அதுபோலச் சரியான பாதைக்கு இருபுறமும் சற்று இடம் விடப்படுகிறது. அதற்குள் கால் இருக்கும் வரை மோட்டார் சும்மா இருக்கும். வெளியே விலகினால் ஒரு சுருள்வில் இழுப்பதுபோல, விலகிய தூரத்துக்கு ஏற்ப மெதுவாகவோ பலமாகவோ உள்ளே தள்ளும். நன்றாக நடப்பவருக்கு வாய்க்காலை அகலமாக்கலாம், முடியாதவருக்குக் குறுக்கலாம்.

அடுத்தது, ஒவ்வோர் அடிக்கும் உதவியை மாற்றும் கணக்கு. இதை நம் வகுப்புக் கணக்காகவே செய்து பார்த்தேன் (எண்கள் விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்டவை). இயந்திரத்துக்கு இரண்டே கட்டளைகள். முந்தின அடிக்குக் கொடுத்த உதவியில் பத்தில் ஒன்பது பங்கை மட்டும் வைத்துக்கொள். கால் எத்தனை சென்டிமீட்டர் பின்தங்கியதோ அதன் இரு மடங்கைக் கூட்டிக்கொள். முதல் அடியில் உதவி 40 என்போம். கால் சரியாகப் போனால் அடுத்த அடிக்கு 36, அதற்கடுத்து 32.4, பிறகு ஏறக்குறைய 29. இப்போது கால் 2 செ.மீ. பின்தங்கிவிட்டது. 29இல் பத்தில் ஒன்பது 26, அதோடு 4 சேர்த்தால் 30. உதவி மறுபடி சற்று ஏறுகிறது. எப்போதுமே 1 செ.மீ. பின்தங்கும் ஒருவருக்கு என்ன ஆகும்? உதவி 20இல் வந்து நின்றுவிடும். ஏனென்றால் 20இல் பத்தில் ஒன்பது 18, அதோடு 2 சேர்ந்தால் மீண்டும் 20. அவருக்கு வேண்டிய அளவை யாரும் சொல்லாமலே இயந்திரம் கண்டுபிடித்துவிட்டது!

'பத்தில் ஒன்பது' என்பதற்குப் பதிலாக 'முழுவதும்' என்று வைத்தால் கொடுத்த உதவி ஒருபோதும் குறையாது. நான் அப்பாயியைப் பிடித்தது அந்தக் கணக்குப்படிதான். 'பாதி' என்று வைத்தால் இரண்டே அடியில் கை விட்டதுபோல் ஆகி, நோயாளி பயந்துவிடுவார். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் உடலும் இதேபோன்ற கணக்கை உள்ளுக்குள் போட்டுத் தன் முயற்சியை அடிக்கு அடி குறைத்துக்கொண்டே வருகிறதாம். ஆகவே இயந்திரம் தன் உதவியை உடல் குறைப்பதைவிடச் சற்று வேகமாகக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் உடல் முந்திக்கொண்டு சுமையை இயந்திரத்தின் தலையில் கட்டிவிடும். யார் முதலில் விடுவது என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள் என்று எண்ணும்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

இவ்வளவையும் இயந்திரம் எதைக் கொண்டு அறிகிறது? பாதத்துக்கு அடியில் அழுத்தத்தை உணரும் தகடுகள், மூட்டுகளில் கோணத்தை அளக்கும் கருவிகள், செல்பேசியைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அதுபோன்ற சாய்வு உணரிகள் ஆகியவற்றால்தான். ஜப்பானில் சுகுபா பல்கலைக்கழகத்தின் யோஷியுகி சங்கை என்பவர் உருவாக்கிய 'ஹால்' என்னும் நடைச்சட்டகம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தசைக்கு மூளை கட்டளையிடும்போது தோலின் மேல் மிக மெல்லிய மின்சாரக் குறிகள் தோன்றுகின்றன. அவற்றை ஒட்டுத் தகடுகளால் படித்து, அணிந்தவர் நடக்க நினைப்பதை அது உணர்ந்துகொள்கிறது. 'எக்ஸோ' என்னும் அமெரிக்கச் சட்டகத்தில் இரு கால்களுக்கும் தனித்தனியே அளவு வைக்கலாம்; ஒரு காலுக்கு முழு உதவி, மற்றக் காலுக்கு வேண்டும்போது மட்டும். சுவிட்சர்லாந்து நாட்டின் 'லோகோமேட்' இயந்திரத்தில் எவ்வளவு வழிநடத்துவது என்பதை நூற்றுக்கு நூறிலிருந்து பூச்சியம் வரை நிபுணர் குறைத்துக்கொண்டே வரலாம்.

உதவி கூடக்கூட நன்மையும் கூடும் என்பது நோயில்லாதவர்களிடத்திலும் பொய்யாகிவிடுகிறது. 2015இல் அமெரிக்காவில் ஸ்டீவன் காலின்ஸ் முதலியோர் மோட்டாரே இல்லாமல், ஒரு சுருள்வில்லும் ஒரு கொக்கியும் வைத்துக் கணுக்காலுக்கு ஒரு கருவி செய்தார்கள். நன்றாக நடக்கக் கூடியவர்கள் அதை அணிந்தபோது நடக்கச் செலவாகும் சக்தி ஏறக்குறைய 7 சதவீதம் குறைந்தது. வில்லை இன்னும் விறைப்பாக்கினால் இன்னும் குறையும் என்றுதானே நாம் நினைப்போம்? குறையவில்லை. மிதமான விறைப்பில் கிடைத்த இலாபம் விறைப்பு கூடியதும் போய்விட்டது. 2017இல் அதே காலின்ஸ் குழுவினர், நடப்பவரின் மூச்சுக் காற்றை அளந்து, அவருக்குச் செலவாகும் சக்தியைக் கணக்கிட்டு, உதவியின் அளவையும் நேரத்தையும் அவ்வப்போது மாற்றிப் பார்க்கும்படி கம்ப்யூட்டருக்குக் கற்பித்தார்கள். ஒவ்வொருவருக்கும் பொருத்தமான அளவு வெவ்வேறாக வந்தது. தையற்காரர் அளவெடுக்காமல் எல்லாருக்கும் ஒரே சீருடை தைத்தால் எப்படியிருக்கும்!

நம் நாட்டில் இத்துறைக்கு வழிகாட்டியவர் ஒரு பெண்மணி என்பதை நம் பள்ளித் தோழியர் அறிய வேண்டும். கேரளத்தில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியபோது, 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கால்கள் செயலிழந்தார். அதன் பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானது அவரால்தான். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே வேலூர்க் கல்லூரியின் உயிர்ப்பொறியியல் துறையும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து இப்போது 'புளூட்டோ' என்னும் சிறு இயந்திரத்தை உருவாக்கியுள்ளன. அது காலுக்கன்று, கைக்கு உரியது. மணிக்கட்டையும் விரல்களையும் அசைத்து விளையாட்டு ஆடியபடியே நோயாளி பயில்கிறார். முடிந்தவர் தாமே ஆடலாம், முடியாதவருக்கு இயந்திரம் கைகொடுக்கும். கேரளத்தின் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம், மனிதர் இறங்காமலே பாதாளச் சாக்கடையைத் துப்புரவு செய்யும் 'பாண்டிக்கூட்' இயந்திரத்தால் 2018இல் பெயர் பெற்றது. பாண்டிக்கூட் என்றால் பெருச்சாளி! அவர்களே 'ஜி-கெய்ட்டர்' என்னும் நடைப்பயிற்சி இயந்திரத்தையும் செய்திருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. ரீவாக் போன்றவை 20 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை. ரீவாக் வெளிவந்த காலத்தில் அதன் விலை சுமார் 70,000 டாலர். மேலும் அவை பெரும்பாலும் சமதரைக்கென்று செய்யப்பட்டவை. நம் ஊர்க் கடற்கரை மணலிலும், மழைக்குப் பின் வழுக்கும் வரப்பிலும் அவை என்ன செய்யும்? 2010இல் தொடங்கப்பட்ட தேசியத் தொழில்நுட்பக் கழகம் நம் திருவேட்டக்குடியில்தான் இயங்குகிறது. அங்கே படிக்கும் அக்காமார்களும் அண்ணன்மார்களும் ஒருநாள் வரப்பில் நடக்கும் சட்டகம் ஒன்றைச் செய்வார்களானால் நான் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன். நானே அங்கே படிக்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு. இதை என் கணித ஆசிரியையான சிஸ்டர் படிப்பார்கள் என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் இயந்திரம் எதுவும் வரவில்லை. பிசியோதெரபி அக்கா அப்பாயியின் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டச் சொன்னார். முதலில் அதை முழுக் கையால் பிடித்தேன். சில வாரங்களில் நான்கு விரல். பிறகு இரண்டு விரல். அப்பாயி சாய்ந்தால் மட்டும் துண்டு இறுகும், மற்ற நேரத்தில் தொளதொளவென்று கிடக்கும். கணக்கைப் படித்த பிறகுதான் அந்தத் துண்டும் ஒரு வாய்க்கால் என்று எனக்கு விளங்கியது. ஒருமுறை நான் பராக்குப் பார்த்ததில் அப்பாயி சுவரில் சாய்ந்துவிட்டார்கள். நான் அழுதேன். அப்பாயி, "அழுவாத ஆயி, நான்தான் சுவத்தப் புடிச்சிட்டேன்ல?" என்றார்கள்.

தவக்காலம் தொடங்கிய வாரத்தில் துண்டை அவிழ்த்தோம். கூடத்திலிருந்து திண்ணை வரைக்கும் பதினோரு அடி. நான் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன்.